சதையியைத் தொட்ட கத்தியும் பின்னால் வந்த கிருமிகளும்

சதையியில் ஒப்பரேசன் எண்டால் எல்லாரும் கத்தியைப் பற்றித்தான் கேட்பார்கள். எத்தனை மணித்தியாலம் எடுத்தது, எந்த சேர்ஜன் செய்தவர், எவ்வளவை வெட்டி எடுத்தவை. ஆனால் இந்தச் சத்திரசிகிச்சையின் நூற்றிச்சொச்ச ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் கனபேரின் உயிர் மேசையில் போகவில்லை. ஐந்தாம் நாள், பத்தாம் நாள், சிலவேளை மாதங்கள் கழித்து, காய்ச்சலும் சீழுமாகத்தான் ஆபத்து வந்திருக்கிறது. அந்தச் சீழை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் எதிர்பார்த்த பெயர் வராது. "வழமையில்லாத பக்டீரியா" எண்டு மருத்துவச் சஞ்சிகைகளில் தனிக்கட்டுரை எழுதுகிற அளவுக்குப் புதுப்பெயர் வரும்.

அந்த "வழமையில்லாத" என்ற சொல்லைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நோண்டிப் பார்க்கிறோம். அந்தக் கிருமி அங்கே எப்படிப் போனது? வரலாறு தருகிற பதில் ஓரளவுக்குச் சங்கடமானது. பெரும்பாலும் உயிரைக் காப்பாற்றுவதற்காக மருத்துவமே திறந்துவிட்ட வழியால்தான் அது போயிருக்கிறது. வைத்தியர்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொரு வழியும் திறக்கப்பட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணங்களோடு சேர்த்துத்தான் இந்தக் கதையைச் சொல்லவேண்டும்.

தன்னையே தின்னும் உறுப்பு

நம் பாடப்புத்தகத்தில் சதையி, தமிழ்நாட்டில் கணையம். ஆங்கிலப் பெயரின் வேர் கிரேக்கம். அதன் பொருள் "எல்லாம் சதை". எலும்பும் இல்லை, குருத்தெலும்பும் இல்லை, முழுக்கச் சதை என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்போடு ஒட்டினமாதிரி, பெரிய இரத்தக்குழாய்களுக்கு மேலே இது கிடக்கிறது. கை வைக்கவே கஷ்டமான இடம்.

இடத்தை விடப் பெரிய சிக்கல் அதன் சாறு. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரான்சின் குளோட் பெர்னார்ட், சதையிச் சாறு கொழுப்பைச் சமிக்கச் செய்வதைக் காட்டினார். 1876இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் கியூனே, புரதத்தை உடைக்கும் அதன் நொதியத்துக்கு ட்ரிப்சின் எனப் பெயர் வைத்தார். இந்த நொதியம் சதையிக்குள் இருக்கும்போது உறங்கிய நிலையில் இருக்கும். முன்சிறுகுடலுக்குள் போன பிறகுதான் விழித்து வேலை செய்யும். சதையி காயப்பட்டால் இந்த ஒழுங்கு குலைந்துபோகும். நாம் சாப்பிட்ட இறைச்சியைச் சமிக்கச் செய்யவேண்டிய சாறு நம்முடைய இறைச்சியிலேயே வேலையைத் தொடங்கிவிடும். 1896இல் ஹான்ஸ் கியாரி இதைத்தான் "தன்னைத்தானே சமித்தல்" என்று விளக்கினார்.

இப்படிச் செத்துப்போன திசு கிருமிக்கு நல்ல விளைநிலம். அங்கே இரத்த ஓட்டம் இல்லை. இரத்தம் போகாத இடத்துக்கு வெண்குழியங்களும் போகாது, ஊசியில் ஏற்றுகிற மருந்தும் சரியாகப் போய்ச் சேராது. அதற்குப் பக்கத்திலேயே கோடிக்கணக்கான பக்டீரியாக்கள் வாழும் குடல் இருக்கிறது. சதையியில் வரும் தொற்றுகளை விளங்கிக்கொள்ள இந்த அயலைத் தெரிந்திருந்தால் பாதிவேலை முடிந்தமாதிரி.

நூலைத் தின்ற சாறு

1867இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர், கார்போலிக் அமிலத்தால் காயங்களைச் சுத்தம் செய்து சீழ்பிடிப்பதைக் குறைத்த தன் அனுபவத்தை வெளியிட்டார். ஒரு பக்கக்குறிப்பாக இதையும் சொல்லவேண்டும்: அதே 1867இல் யாழ்ப்பாணத்தில், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் "இரணவைத்தியம்" என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் கொண்டுவந்தார். கிருமி என்ற கருத்தே உலகத்தில் இன்னும் வாதத்தில் இருந்த நாட்கள் அவை.

லிஸ்டரின் வழி பரவியபிறகு வயிற்றைத் திறப்பது பழையமாதிரி மரணதண்டனையாக இருக்கவில்லை. ஆனாலும் சதையியைத் தொடக் கனபேர் பயந்தார்கள். 1889இல் பொஸ்டனின் றெஜினால்ட் ஃபிட்ஸ், திடீர்ச் சதையி அழற்சியை முதன்முதலாக ஒழுங்காக வகைப்படுத்தினார். அதில் இரத்தம் கசிவது, சீழ் பிடிப்பது, அழுகுவது என மூன்று வகைகளைப் பிரித்து, தொடக்கத்திலேயே கத்தி வைப்பது ஆபத்து என்றும் எச்சரித்தார்.

1898இல் இத்தாலியின் அலெசாந்த்ரோ கொடிவில்லா, சதையியின் தலைப்பகுதியையும் முன்சிறுகுடலின் ஒரு பகுதியையும் வெட்டி எடுத்தார். நோயாளி சில வாரங்களுக்குள் இறந்தார். 1909இல் பேர்லினில் வால்தர் கௌஷ் இரண்டு கட்டமாக இதைச் செய்தார். முதலில் பித்தம் குடலுக்குள் வடிய ஒரு பாதை, பிறகு வெட்டி எடுத்தல். அவருடைய நோயாளி ஒன்பது மாதம் உயிரோடு இருந்தார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது புற்றுநோய் இல்லை, பித்தவழியில் வந்த கிருமித்தொற்று. குடலையும் பித்தவழியையும் நேரே தொடுத்தால் பித்தம் கீழே இறங்கும். அதே பாதையால் கிருமி மேலேயும் ஏறும். இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரப்போகும் பாடம் அந்த முதல் வெற்றியிலேயே இருந்தது.

1935இல் நியூயோர்க்கில் அலன் விப்பிளும் அவருடைய சகாக்களும் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். முதலாவது ஆள் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. குடலைத் தைத்தது கற்கட் நூலால். அது ஆடுமாட்டுக் குடலில் இருந்து செய்கிற நூல், அதாவது புரதம். சதையிச் சாறு அந்த நூலையே சமித்துவிட்டது, தையல் விட்டுப்போனது. அடுத்தவர்களுக்குப் பட்டுநூல் பாவித்தார்கள், தையல் நின்றது. இன்றைக்கும் இந்தச் சத்திரசிகிச்சையை விப்பிள் என்றே சொல்கிறார்கள்.

பட்டுநூல் தையலைக் காப்பாற்றியது. கசிவு நிற்கவில்லை. வெண்ணெய்மாதிரி மெதுவான சதையியைக் குடலோடு தைக்கும்போது எங்கேயாவது ஒரு துளி வெளியே வரும். அந்தத் துளி பக்கத்துத் திசுவை அரிக்கும், அரித்த இடத்தில் குடல் கிருமி குடியேறும். 1960களிலும் 70களிலும் விப்பிள் செய்தவர்களில் நாலில் ஒருவர்வரை இறந்ததால், இதைக் கைவிடுவதே மேல் என்று சொன்ன சேர்ஜன்மார்களும் இருந்தார்கள். இன்றைக்கு நிறையச் செய்து பழகிய நிலையங்களில் இறப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு. ஆனால் தொற்று, கசிவு போன்ற சிக்கல்கள் இன்னும் கனபேருக்கு வருகின்றன.

கிருமி இல்லாத பித்தத்துக்குள் ஒரு குழாய்

சதையியின் தலையில் கட்டி வந்தால் பித்தக்குழாய் அடைபடும். கண் மஞ்சளாகும், உடம்பு கடிக்கும், சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். நம் ஊரில் செங்கமாரி எண்டு சொல்வது. அந்தக் காலத்தில் செங்கமாரியோடு ஒப்பரேசன் செய்தால் இரத்தம் உறையாமல் கொட்டும். விற்றமின் கே கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அந்தப் பயம் குறைந்தது. ஆனாலும் "முதலில் மஞ்சளை இறக்குவோம், பிறகு வெட்டுவோம்" என்ற யோசனை நியாயமாகவே பட்டது.

1970களின் முடிவில் அதற்குக் கருவியும் வந்தது. வாயால் கமராக்குழாயை விட்டு, முன்சிறுகுடல்வரை கொண்டுபோய், பித்தக்குழாய்க்குள் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை வைக்கலாம். அதுதான் ஸ்டென்ட். வயிற்றை வெட்டத் தேவையில்லை, சில நாட்களில் மஞ்சள் இறங்கும், நோயாளிக்குச் சாப்பாடு இறங்கும். உலகம் முழுக்க இது வழமையானது.

சாதாரணமாகப் பித்தத்தில் கிருமி இல்லை. குடல் கிருமி மேலே ஏறாமல் ஒரு சுருக்குத்தசை வாசலைக் காக்கிறது. ஸ்டென்ட் அந்த வாசலை எந்நேரமும் திறந்துவைத்திருக்கிற கட்டைமாதிரி. சில கிழமைகளுக்குள் எண்டரோகொக்கஸ், கிளெப்சியெல்லா, எண்டரோபக்டர் என்று குடலின் ஆட்கள் பித்தத்தில் குடியேறிவிடுவார்கள். பிறகு விப்பிள் செய்யும்போது பித்தக்குழாயை வெட்டியே ஆகவேண்டும். அந்தப் பித்தம் வயிற்றுக்குள் சிந்தும்.

2010இல் நெதர்லாந்தில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 202 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு ஒரு கிழமைக்குள் நேரடியாகச் சத்திரசிகிச்சை. மற்றப் பகுதிக்கு முதலில் ஸ்டென்ட், நாலு முதல் ஆறு கிழமைக்குப் பிறகு சத்திரசிகிச்சை. பாரதூரமான சிக்கல்கள் நேரடியாகச் செய்தவர்களில் 39 வீதம், ஸ்டென்ட் வைத்தவர்களில் 74 வீதம். முப்பது வருடம் நல்லது எண்டு நினைத்துச் செய்த ஒன்று, எல்லாருக்கும் செய்தால் கெடுதல் என்று தெரிந்தது. இதற்காக ஸ்டென்ட் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவேண்டாம். பித்தவழியில் ஏற்கனவே தொற்று இருந்தால், மஞ்சள் அளவுக்கு மீறி ஏறியிருந்தால், புற்றுநோய் மருந்து முதலில் கொடுக்கவேண்டியிருந்தால் அது தேவை. இன்னொரு காரணமும் இருக்கிறது: ஒப்பரேசனுக்குத் திகதி கிடைக்காதது. வரிசை நீளமாக இருக்கும் எந்த நாட்டிலும் ஸ்டென்ட் காத்திருப்புக்கான ஏற்பாடாகிவிடுகிறது. காத்திருப்பின் செலவில் ஒரு பங்கைக் கிருமி வசூலிக்கிறது.

அடுத்த கேள்வி மருந்து. ஒப்பரேசனுக்கு முன்னால் தொற்றைத் தடுக்க ஒரு அன்ரிபயோட்டிக் ஊசி போடுவார்கள். பல இடங்களில் அது செபலோஸ்போரின் குடும்பத்து மருந்து. அந்தக் குடும்பத்துக்கு எண்டரோகொக்கஸ் கட்டுப்படாது. ஸ்டென்ட் வைத்த பித்தத்தில் அதிகம் வாழ்வதே எண்டரோகொக்கஸ்தான். 2023இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 778 பேரில் செய்த ஆய்வு, வழமையான செபொக்சிற்றினுக்குப் பதிலாகப் பிப்பரசிலின்-டசோபக்டம் கொடுத்தால் என்ன நடக்கும் என்று பார்த்தது. காயம் சார்ந்த தொற்று 32.8 வீதத்தில் இருந்து 19.8 வீதமாக இறங்கியது. வித்தியாசம் தெளிவாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். இத்தனை காலம் சீழில் வந்த கிருமி "வழமையில்லாதது" என்று எழுதப்பட்டதற்கு ஒரு காரணம், வழமையான மருந்து அதைக் கணக்கிலேயே எடுக்காதது.

முன்கூட்டியே கொடுத்த மருந்து

இப்படியென்றால் பலமான மருந்தை எல்லாருக்கும் முன்கூட்டியே கொடுத்துவிட்டால் என்ன? சதையி அழற்சியில் இதையும் செய்து பார்த்தார்கள். 1993இல் இத்தாலியில் 74 நோயாளிகளில் நடந்த ஆய்வில், இமிபெனெம் கொடுத்தவர்களுக்குத் தொற்று 30 வீதத்தில் இருந்து 12 வீதமாகக் குறைந்தது. உலகம் முழுக்க ஐசியூக்களில் இது பழக்கமானது. பிறகு 2004இல் 114 பேரிலும் 2007இல் 100 பேரிலும், யாருக்கு எந்த மருந்து என்று வைத்தியருக்கே தெரியாத முறையில் ஆய்வு செய்தபோது பிரயோசனம் எதுவும் தெரியவில்லை. இன்று தொற்று இல்லாதவருக்குத் தடுப்பாக மட்டும் அன்ரிபயோட்டிக் கொடுக்கவேண்டாம் என்பதே பொதுவான வழிகாட்டல். நீண்டநாள் பலமான மருந்து கொடுத்தால் சாதாரணக் கிருமிகள் செத்து, அந்த இடத்தைப் பூஞ்சணமும் மருந்துக்கு அடங்காத பக்டீரியாவும் பிடித்துக்கொள்ளும்.

கத்தியும் இதே பாடத்தைப் படித்தது. அழுகிய சதையியை வயிற்றைத் திறந்து சுத்தம் செய்வது நீண்டகால வழக்கம். 2010இல் நெதர்லாந்திலேயே 88 பேரில் செய்த இன்னொரு ஆய்வு, முதலில் தோலால் ஒரு வடிகுழாய், போதாவிட்டால்தான் சிறு வெட்டு என்று படிப்படியாகப் போனது. பெரிய சிக்கல் அல்லது இறப்பு 69 வீதத்தில் இருந்து 40 வீதமானது. படிப்படியாகப் போனவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வடிகுழாயோடே சுகமானார்கள், கத்தியே தேவைப்படவில்லை.

குழாயின் நுனியில் ஒரு இடுக்கு

பித்தக்குழாய்க்குள் போகும் அந்தக் கமராக்குழாயின் நுனியில் ஒரு சிறு தூக்கி இருக்கிறது. உள்ளே விடுகிற கம்பியை வளைத்துத் திருப்ப அது தேவை. அதன் பின்னால் தூரிகை போகமுடியாத ஒரு இடுக்கு. 2012க்கும் 2015க்கும் இடையில் அமெரிக்காவில் சியாட்டில், லொஸ் ஏஞ்சலிஸ் போன்ற நகரங்களில், மருந்துக்கு அடங்காத குடல் பக்டீரியா ஒரு நோயாளியில் இருந்து அடுத்தவருக்குப் போயிருந்தது. விசாரித்தபோது அறிவுறுத்தல்படி கழுவிய குழாய்களிலும் கிருமி தங்கியிருந்தது. பிழை வடிவமைப்பிலேயே இருந்தது. 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், நுனியையாவது ஒருமுறை பாவித்து எறியக்கூடிய வடிவங்களுக்கு மாறச் சொன்னது.

அந்த அடங்காத பக்டீரியாக்களின் கதைக்கும் நம் பிராந்தியத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 2008இல் சுவீடனில் ஒருவரிடம் கிடைத்த கிளெப்சியெல்லா, கடைசிக் கையிருப்பாக வைத்திருந்த காபபெனெம் மருந்துகளையும் உடைத்தது. அவர் அதற்கு முன் புதுடில்லியில் சிகிச்சை பெற்றவர். அதனால் அந்த நொதியத்துக்கு நகரத்தின் பெயரையே வைத்து என்டிஎம்-1 என்றார்கள். 2010இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி முதல் ஆசிரியராக இருந்த ஆய்வு, இது இந்தியா, பாகிஸ்தான், பிரித்தானியாவில் பரவியிருப்பதைக் காட்டியது. இந்தியாவில் பெரிய சண்டை வந்தது, பெரும்பகுதி பெயரைப் பற்றியே. பெயரில் மானம் போகிறது என்ற வாதத்தில் நியாயம் இருக்கலாம். கிருமி அதற்காகக் காத்திருக்கவில்லை.

தேடாததால் இல்லாமல் இருந்த கிருமி

சதையியின் பெரும்பகுதியை இழந்தவர்களுக்கு இன்சுலின் குறையும். கனபேருக்குச் சலரோகம் வரும். சலரோகம் உள்ளவர்களைத் தேடிவருகிற ஒரு மண் பக்டீரியா நம் நாட்டிலேயே இருக்கிறது. அது தருகிற நோய் மெலியொய்டோசிஸ். ஈரலிலும் மண்ணீரலிலும் நுரையீரலிலும் சீழ்க்கட்டி போடும், அரிதாகச் சதையியிலும்.

இந்தக் கிருமியை 1911-12இல் ரங்கூனில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர்: அல்பிரட் விட்மோர், சி. எஸ். கிருஷ்ணசாமி. பிரேத அறையில் ஒன்றாக வேலை செய்து, ஒன்றாகக் கட்டுரை எழுதினார்கள். நோய்க்குக் கிடைத்த பெயர்களில் ஒன்று "விட்மோர் நோய்". கிருஷ்ணசாமியின் பெயர் எதிலும் இல்லை.

இலங்கையில் முதல் நோயாளி 1927இலேயே பதிவானார், ஒரு ஐரோப்பியர். அதன்பிறகு பல பத்தாண்டுகளுக்கு அங்கொன்று இங்கொன்றாகத்தான் பதிவு. 2006இல் இருந்து கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஏனோக்கா கொரேயாவும் சகாக்களும் நாடளாவிய ரீதியில் தேடத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளிலேயே முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், நாட்டின் பல பாகங்களில் இருந்து. அதுவரை கிருமி இல்லாமல் இருக்கவில்லை. ஆய்வுகூடங்களில் சூடோமோனஸ் என்றோ வெளியில் இருந்து கலந்த அழுக்கு என்றோ அதைத் தள்ளிவைக்க இடமிருந்தது. வயலில் வேலை செய்கிற சலரோகக்காரர் ஒருவர் சாதாரண அன்ரிபயோட்டிக்கோடு வீட்டுக்குப் போனால் பிழைப்பது கஷ்டம். இந்த நோய்க்கு ஊசிமருந்து இரண்டு கிழமையளவு, பிறகு குளிசை மாதக்கணக்கில் வேண்டும். சரியான பெயர் அறிக்கையில் வருவதும் வராததும் ஒரு உயிர்.

நாங்கள் என்ன செய்யலாம்

இந்த வரலாற்றில் "வழமையில்லாத" என்ற சொல் மூன்று விதமான காரணங்களை மூடிவைத்திருக்கிறது. ஸ்டென்ட்மாதிரி நாமே திறந்த வழி, மருந்தால் நாமே வளர்த்த கிருமி, நாம் தேடாமல் விட்ட கிருமி. மூன்றையும் வெளியே கொண்டுவந்தது பெரிய கண்டுபிடிப்புகள் மட்டும் இல்லை. சீழை எடுத்து வளர்த்துப் பார்த்து, என்ன வந்தது என்று எழுதிவைத்த, சலிப்பான தினசரி வேலை அது.

எங்களில் பெரும்பாலானோர் வைத்தியர்கள் இல்லை. ஆனால் வாட்டில் அம்மாவுக்கோ சித்தப்பாவுக்கோ துணைக்கு நிற்பது நாங்கள்தான். ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், பாமசியில் துண்டில்லாமல் இரண்டு குளிசை வாங்கிக் கொடுத்துச் சமாளிக்கவேண்டாம். அந்த இரண்டு குளிசை கிருமியைக் கொல்லாது, பரிசோதனையில் அதை ஒளித்துவிடும். திரும்பக் கூட்டிக்கொண்டு போங்கள். மருந்து தொடங்க முதல் இரத்தமோ சீழோ கல்ச்சருக்கு எடுத்தாச்சா எண்டு மரியாதையாகக் கேளுங்கள். உள்ளே ஸ்டென்ட் இருந்தால், சலரோகம் இருந்தால், சேற்றில் வேலை செய்கிறவர் என்றால் கேட்காமலே சொல்லுங்கள். வந்த கிருமியின் பெயரையும் கேட்ட மருந்தின் பெயரையும் டயக்னோசிஸ் காட்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்தமுறை இரவு இரண்டு மணிக்கு அவசரப்பிரிவில் நிற்கிற வைத்தியருக்கு அந்தக் கடதாசிதான் வழி காட்டும்.